தூங்கிய லேப்டாப் எழுந்திருக்க மறுக்கிறதா?

லேப்டாப் வாங்கிய புதிதில் அனைவருக்கும் மிகவும் பிடித்துப் போகிற வசதி ஒன்று உண்டு. வேலையின் நடுவில் மூடியை மூடிவிட்டால் போதும். கம்ப்யூட்டர் தூங்கிவிடும். மீண்டும் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புரோகிராம்களை ஒவ்வொன்றாக மூட வேண்டாம். மீண்டும் திறக்கவும் வேண்டாம்.

ஆனால் ஒரு நாள் மூடியைத் திறக்கிறோம். மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. திரை மட்டும் கருப்பாகவே இருக்கிறது. எந்தக் கீயை அழுத்தினாலும் பயன் இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடியும் இயக்கினால், சேவ் செய்யாமல் விட்ட கடிதம், கணக்கு, புராஜெக்ட் எல்லாம் காணாமல் போயிருக்கும்.

செகண்ட் ஹேண்டாகவோ, உறவினர் கொடுத்ததாகவோ பழைய லேப்டாப் ஒன்றை முதல் கம்ப்யூட்டராகப் பெற்றவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். இத்தகைய லேப்டாப்களில் விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா அல்லது விண்டோஸ் 7 இருக்கும். "லேப்டாப் பழசாயிடுச்சு, மதர்போர்டு போயிடுச்சு" என்று சொல்லி செலவு வைப்பவர்களும் உண்டு. நான் பார்த்த வரையில் பெரும்பாலான லேப்டாப்களில் கோளாறு ஹார்ட்வேரில் இருப்பதில்லை. டிரைவர் புரோகிராமில்தான் இருக்கிறது. அதனைக் கண்டுபிடிக்க பொறுமையும் அரை மணி நேரமும் இருந்தால் போதும்.

தூக்கம் இரண்டு வகை

முதலில், தூங்கும்போது உங்கள் வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்து கொள்ளுங்கள்.

முதல் வகை எக்ஸ்பியில் ஸ்டேண்ட் பை எனவும், விஸ்டா மற்றும் விண்டோஸ் 7ல் ஸ்லீப் எனவும் அழைக்கப்படுகிறது. இதில் பிராசசர், ஹார்ட் டிஸ்க், திரை ஆகியவற்றுக்கு மின்சாரம் நிறுத்தப்படும். ராம் மெமரிக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் சென்று கொண்டிருக்கும். நீங்கள் செய்த வேலை அந்த மெமரியில்தான் இருக்கிறது. எனவேதான் சில விநாடிகளில் எழுந்துவிடுகிறது. பேட்டரி தீர்ந்து போனாலோ, பேட்டரியைக் கழற்றினாலோ மெமரியில் இருந்தது அனைத்தும் அழிந்துவிடும்.

இரண்டாவது வகை ஹைபர்னேட். இதில் மெமரியில் உள்ளவை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பெரிய பைலாக எழுதப்பட்டு, பின்னர் லேப்டாப் முழுவதுமாக நின்றுவிடும். பேட்டரி தீர்ந்தாலும் கவலை இல்லை. எழுந்திருக்கச் சற்று நேரம் பிடிக்கும். சி டிரைவில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும் இந்த பைல், எக்ஸ்பியில் உங்கள் ராம் மெமரியின் அளவிற்கும், விண்டோஸ் 7ல் வழக்கமாக அதில் 75 சதவீத அளவிற்கும் இடம் எடுத்துக் கொள்ளும்.

இந்த இரண்டில் எதுவும் சேவ் செய்வதற்கு ஈடாகாது. ஆகவே மூடியை மூடும் முன் கண்ட்ரோல் மற்றும் எஸ் கீகளைச் சேர்த்து ஒரு முறை அழுத்துவதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

ஏன் எழ மறுக்கிறது?

1992ஆம் ஆண்டு இன்டெல், மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் ஏபிஎம் என்ற மின்சக்தி நிர்வாக முறையை உருவாக்கின. இதில் பெரும்பாலான பொறுப்பு பயாஸிடம் இருந்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், டோஷிபா இணைந்து ஏசிபிஐ என்ற புதிய முறையை வெளியிட்டன. இதில் பொறுப்பு ஆப்பரேட்டிங் சிஸ்டத்திற்கு வந்தது. மேலே சொன்ன ஸ்லீப் நிலைக்கு எஸ்3 என்றும், ஹைபர்னேட் நிலைக்கு எஸ்4 என்றும் இந்த முறைதான் பெயர் வைத்தது.

எஸ்3 நிலையில் கிராபிக்ஸ், வயர்லெஸ், சவுண்ட் ஆகிய சாதனங்கள் மின்சாரம் இன்றித் தங்கள் நிலையை மறந்துவிடுகின்றன. எழும்போது பயாஸ் முதலில் வேலை செய்து, கட்டுப்பாட்டை விண்டோஸிடம் ஒப்படைக்கும். அதன் பிறகு ஒவ்வொரு சாதனத்தின் டிரைவரும் தன் சாதனத்தைப் பழைய நிலைக்குக் கொண்டு வர வேண்டும். பத்து டிரைவர்களில் ஒன்பது சரியாகச் செய்து, ஒன்று மட்டும் தவறினாலும் சிஸ்டம் முழுவதும் முடங்கலாம். கம்ப்யூட்டரை புதிதாக இயக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும் லேப்டாப், தூங்கி எழும்போது மட்டும் மக்கர் செய்வதன் காரணம் இதுதான்.

எக்ஸ்பி வந்த லேப்டாப்பில் பின்னர் விண்டோஸ் 7 பதியப்பட்டிருந்தால் இந்தச் சிக்கல் வர வாய்ப்பு அதிகம். புதிய சிஸ்டத்திற்கென எழுதப்பட்ட டிரைவர் இல்லாமல், பொதுவான ஒன்றை வைத்துக் காலம் தள்ளிக் கொண்டிருக்கும்.

திரை கருப்பாக இருந்தால் உடனே அணைக்க வேண்டாம்

1. இரண்டு நிமிடம் காத்திருக்கவும். ஹார்ட் டிஸ்க் விளக்கு மின்னிக் கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். ஹைபர்னேட்டிலிருந்து எழும் பழைய லேப்டாப்களுக்கு இந்த நேரம் தேவைப்படலாம்.

2. கேப்ஸ் லாக் கீயை அழுத்திப் பார்க்கவும். அதற்கான விளக்கு எரிந்து அணைந்தால் லேப்டாப் விழித்துவிட்டது. திரை மட்டுமே வரவில்லை. விளக்கில் மாற்றமே இல்லை என்றால் சிஸ்டம் உறைந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். செலவில்லாத இந்தச் சோதனை பாதி விடையைச் சொல்லிவிடும்.

3. விளக்கு எரிகிறது என்றால், எப்என் கீயுடன் திரை மாற்றும் கீயை ஓரிரு முறை அழுத்தவும். வெளி மானிட்டர் இருந்தால் இணைத்துப் பார்க்கவும். அதில் படம் வந்தால் உடனே பைலை சேவ் செய்திடவும்.

4. மானிட்டர் இல்லை, ஆனால் வேர்ட் டாகுமெண்ட்தான் கடைசியாகத் திறந்திருந்தது என்றால், கண்களை மூடிக் கொண்டு கண்ட்ரோல் மற்றும் எஸ் அழுத்துவது போலத்தான். பைலுக்கு முன்பே பெயர் கொடுத்திருந்து, எழும்போது பாஸ்வேர்டு கேட்காமலும் இருந்தால் அது சேவ் ஆகிவிடும்.

5. பவர் பட்டனை ஒரு முறை மெதுவாக அழுத்தி விடவும். பிடித்துக் கொண்டிருக்க வேண்டாம். பல லேப்டாப்கள் இதனால் மீண்டும் தூங்கும். சில விநாடிகள் கழித்து எழுப்பினால் திரை வந்துவிடுவதுண்டு.

6. எதற்கும் பலன் இல்லை என்றால் மட்டும் பவர் பட்டனை ஐந்து முதல் பத்து விநாடிகள் அழுத்திப் பிடித்து அணைக்கவும்.

பின்னர் இயக்கும்போது, முந்தைய நிலைக்குத் திரும்பும் முயற்சி தோல்வி அடைந்தது, மீண்டும் முயலவா என்று கேட்கும் கருப்புத் திரை வரலாம். இது ஹைபர்னேட் பைல் இன்னும் இருக்கிறது என்பதன் அடையாளம். ஒரு முறை முயன்று பார்க்கவும். மறுபடியும் தோல்வி என்றால் பழைய தகவலை அழித்துவிட்டுத் தொடரும் வழியைத் தேர்ந்தெடுக்கவும். வேர்ட் வழக்கமாக 10 நிமிடத்திற்கு ஒரு முறை மீட்பு நகல் எடுத்து வைக்கும். எனவே வேர்டைத் திறந்தவுடன் இடது பக்கம் மீட்கப்பட்ட டாகுமெண்ட்கள் காட்டப்பட்டால், முதல் வேலையாக அதனை வேறு பெயரில் சேவ் செய்திடவும்.

அறிகுறியும் காரணமும்

ஸ்லீப் என்ற வரி மங்கலாக இருக்கிறது: பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர் இல்லை. மை கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து மேனேஜ், பின்னர் டிவைஸ் மேனேஜர் செல்லவும். டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்பதன் கீழ் ஸ்டாண்டர்ட் விஜிஏ என்று இருந்தால் அதுதான் காரணம். இந்தப் பொது டிரைவருக்குச் சாதனத்தைத் தூங்க வைக்கத் தெரியாது. உங்கள் லேப்டாப் மாடலுக்கான டிரைவரை அதனைத் தயாரித்த நிறுவனத்தின் இணைய தளத்திலிருந்து இறக்கிப் பதியவும்.

கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறது, திரை இல்லை: இதுவும் கிராபிக்ஸ் டிரைவர்தான். அண்மையில் டிரைவரைப் புதுப்பித்த பிறகு வந்த கோளாறு என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் மீது இருமுறை கிளிக் செய்து, டிரைவர் டேப்பில் ரோல் பேக் டிரைவர் கொடுக்கவும்.

எழுந்த பின் வயர்லெஸ் அல்லது மவுஸ் வேலை செய்யவில்லை: டிவைஸ் மேனேஜரில் வயர்லெஸ் அடாப்டர் மீது இருமுறை கிளிக் செய்திடவும். பவர் மேனேஜ்மெண்ட் என்ற டேப்பில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்க அனுமதி என்ற பொருள் தரும் வரியின் முன் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். மவுஸ் என்றால் யுஎஸ்பி ரூட் ஹப் என்ற பெயரில் உள்ள ஒவ்வொன்றிலும் இதனைச் செய்திடவும். பேட்டரி சற்று விரைவில் தீரும். ஆனால் தொல்லை நின்றுவிடும்.

தானாகவே எழுந்து கொள்கிறது: நெட்வொர்க் கார்டோ, மவுஸோ எழுப்பியிருக்கலாம். அதே டேப்பில் இந்தச் சாதனம் கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதி என்ற வரியின் டிக்கை நீக்கவும். நேரம் குறித்து வைத்த வேலை ஒன்றும் எழுப்பலாம். விண்டோஸ் 7ல் பவர் ஆப்ஷன்ஸ் உள்ளே அட்வான்ஸ்ட் பிரிவில், ஸ்லீப் என்பதன் கீழ் வேக் டைமர்ஸ் என்பதை டிசேபிள் செய்திடலாம். பையில் வைத்த லேப்டாப் உள்ளுக்குள்ளேயே எழுந்து சூடாவது ஆபத்தானது என்பதால் இதனை அலட்சியப்படுத்த வேண்டாம்.

ஸ்லீப் சரி, ஹைபர்னேட் வரவில்லை: சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பார்க்கவும். எக்ஸ்பியில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், ஹைபர்னேட் டேப் சென்றால் எவ்வளவு இடம் தேவை, எவ்வளவு இருக்கிறது என்று இரண்டையும் காட்டும். அங்கேயே எனேபிள் ஹைபர்னேஷன் என்பதில் டிக் இருக்க வேண்டும். ராம் மெமரி 1 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள எக்ஸ்பி லேப்டாப்களில், போதிய சிஸ்டம் வளம் இல்லை என்ற செய்தியுடன் ஹைபர்னேட் தோல்வி அடையும் குறை ஒன்று இருந்தது. 2008ல் வெளியான சர்வீஸ் பேக் 3 இதனைச் சரி செய்தது. விஸ்டாவில் டிஸ்க் கிளீன் அப் இயக்கும்போது ஹைபர்னேஷன் பைலையும் சேர்த்து நீக்கிவிட்டால், ஹைபர்னேட் வரியே மெனுவிலிருந்து மறைந்துவிடும்.

எக்ஸ்பியில் இன்னொன்று. டர்ன் ஆப் கம்ப்யூட்டர் விண்டோவில் ஹைபர்னேட் பட்டன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஷிப்ட் கீயை அழுத்திப் பிடித்தால் ஸ்டேண்ட் பை பட்டன் ஹைபர்னேட்டாக மாறும்.

விண்டோஸையே கேட்கலாம்

விஸ்டா மற்றும் விண்டோஸ் 7ல் இதற்கென ஒரு கட்டளை உள்ளது. ஸ்டார்ட், ஆல் புரோகிராம்ஸ், ஆக்சசரீஸ் சென்று கமாண்ட் பிராம்ட் மீது ரைட் கிளிக் செய்து, ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுக்கவும். கருப்பு விண்டோவில், ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லையும், இடைவெளி விடாமல் சி, எப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் டைப் செய்திடவும். இதுதான் கட்டளை. இதன் பின் ஒரு இடைவெளி விட்டு, சிறு கோடு ஒன்றுடன் சேர்த்துக் கீழ்க்காணும் ஆங்கிலச் சொற்களில் ஒன்றை அமைத்து என்டர் தட்டவும்.

ஏ என்ற எழுத்து: உங்கள் லேப்டாப்பில் எந்தத் தூக்க நிலைகள் உள்ளன, எவை இல்லை, ஏன் இல்லை என்று பட்டியலிடும்.

லாஸ்ட்வேக் (இரு சொற்களையும் ஒட்டி): கடைசியாக எழுப்பியது எந்தச் சாதனம் என்று காட்டும்.

ரிக்வெஸ்ட்ஸ்: தூங்கவிடாமல் தடுக்கும் புரோகிராம் எது என்று காட்டும். இது விண்டோஸ் 7ல் கிடைக்கும்.

எனர்ஜி: இதுவும் விண்டோஸ் 7ல் உண்டு. 60 விநாடிகள் சிஸ்டத்தைக் கவனித்து, குறைகளைப் பட்டியலிட்டு ஓர் அறிக்கை தயாரிக்கும். அது எங்கே எழுதப்பட்டுள்ளது என்பதையும் முடிவில் காட்டும்.

ஹெச் என்ற எழுத்து, இடைவெளி, ஆன்: காணாமல் போன ஹைபர்னேட்டை மீண்டும் கொண்டு வரும். விஸ்டாவில் மறைந்த வரிக்கும் இதுவே மருந்து.

ஓர் எடுத்துக்காட்டு

நண்பர் ஒருவரின் மகள் கல்லூரி இறுதி ஆண்டு படித்தபோது தன் லேப்டாப்பைக் கொண்டு வந்தார். எக்ஸ்பியுடன் வந்து, பின்னர் கடையில் விண்டோஸ் 7 பதியப்பட்ட லேப்டாப் அது. "மூடியைத் திறந்தா கருப்பாவே இருக்கு அங்கிள். புராஜெக்ட் ரிப்போர்ட் ரெண்டு தடவை போயிடுச்சு. கடையில மதர்போர்டு மாத்தணும்னு சொல்றாங்க" என்றார். ரிப்போர்ட் கொடுக்க நான்கே நாட்கள் இருந்தன.

முதலில் அதுவரை எழுதியதை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தோம். பின்னர் மூடியை மூடித் திறந்தோம். திரை கருப்பு. கேப்ஸ் லாக் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தது. என் மானிட்டரை இணைத்தேன். டெஸ்க்டாப் அப்படியே அதில் தெரிந்தது. ஆக, மெமரி, பிராசசர், ஹார்ட் டிஸ்க் அனைத்தும் விழித்துவிட்டன. மதர்போர்டு பழுது என்ற பேச்சுக்கே அங்கு ஆதாரம் இல்லை.

லேப்டாப்பின் அடியில் ஒட்டப்பட்டிருந்த மாடல் எண்ணைக் கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் விண்டோஸ் 7க்கான சிப்செட் டிரைவர், கிராபிக்ஸ் டிரைவர் இரண்டையும் எடுத்தேன். சிப்செட்டை முதலில் பதிந்து, ரீஸ்டார்ட் செய்து, அதன் பிறகு கிராபிக்ஸ். மூடித் திறந்தபோது திரை வந்தது. ஒரு முறை வந்ததை நம்பாமல் பத்து முறை சோதித்தோம். ஐந்தாவது முறையில் வயர்லெஸ் இணைப்பு மட்டும் விடுபட்டது. பவர் மேனேஜ்மெண்ட் டேப்பில் இருந்த டிக்கை எடுத்ததும் அதுவும் சரியானது. செலவு எதுவும் இல்லை. ரிப்போர்ட்டும் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது.

காரணமே தெரியவில்லை என்றால்

மேலே சொன்ன எதிலும் அடங்காத கோளாறு என்றால், ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டும். பென் டிரைவ், பிரிண்டர், மவுஸ், டேட்டா கார்டு என யுஎஸ்பியில் உள்ள அனைத்தையும் கழற்றிவிட்டுத் தூங்க வைத்து எழுப்பவும். சரியாக எழுந்தால், ஒவ்வொன்றாக இணைத்து ஒவ்வொரு முறையும் சோதிக்கவும்.

அப்போதும் எழவில்லை என்றால், சிஸ்டம் கான்பிகரேஷன் புரோகிராமைத் திறந்து, சர்வீசஸ் டேப்பில் மைக்ரோசாப்ட் சர்வீஸ்களை மறைக்கும் வரியில் டிக் செய்து, மீதம் உள்ளவற்றை டிசேபிள் செய்திடவும். ஸ்டார்ட் அப் டேப்பிலும் இதே போல் செய்து ரீஸ்டார்ட் செய்திடவும். இப்போது சரியாக எழுந்தால் குற்றவாளி அந்தப் பட்டியலில் இருக்கிறது. பாதியை மட்டும் இயக்கிப் பார்க்கவும். பின்னர் அதில் பாதி. நான்கைந்து சுற்றுகளில் ஒன்றே ஒன்று மிஞ்சும். சோதனை முடிந்ததும் மற்ற அனைத்தையும் பழையபடி இயக்க மறக்க வேண்டாம்.

ஹைபர்னேட் நன்றாக எழுகிறது, ஸ்லீப் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் ராம் மெமரியையும் சோதிக்கலாம். விஸ்டா மற்றும் விண்டோஸ் 7ல் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் இதற்காகவே தரப்பட்டுள்ளது. பயாஸ் அப்டேட் கடைசி முயற்சியாக இருக்கட்டும். அது நடக்கும்போது மின்சாரம் தடைபட்டால் லேப்டாப் இயங்காமலேயே போய்விடலாம். பேட்டரியும் சார்ஜரும் இரண்டும் இருக்கும்போது மட்டும் செய்திடவும்.

பழைய பேட்டரியும் இரட்டை சிஸ்டமும்

தூக்கத்தில் டேட்டா போவதற்கு டிரைவர் மட்டும் காரணமல்ல. பழைய பேட்டரி 20 சதவீதம் என்று காட்டிக் கொண்டே இருந்து திடீரெனப் பூஜ்யத்திற்கு வரும். பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் பிரிவில் பேட்டரி என்பதன் கீழ், மிகக் குறைந்த நிலையில் செய்ய வேண்டியது என்பதற்கு ஹைபர்னேட் என அமைக்கவும். அந்த அளவையும் 15 முதல் 20 சதவீதமாக உயர்த்தி வைக்கவும். விஸ்டா மற்றும் விண்டோஸ் 7ல் ஹைபிரிட் ஸ்லீப் என்ற வசதி இருந்தால் அதனையும் ஆன் செய்திடலாம். தூங்கும் முன் ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு நகல் எழுதிக் கொள்ளும்.

பென் டிரைவைச் செருகியபடி தூங்க வைத்து, தூக்கத்திலேயே உருவி எடுக்க வேண்டாம். முதலில் சேப்லி ரிமூவ் கொடுத்து எடுத்துவிட்டுப் பின் மூடவும்.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என இரண்டு சிஸ்டம்கள் தரப்பட்டதுண்டு. இப்படி இரண்டு சிஸ்டம் உள்ள லேப்டாப்பில், விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு லினக்ஸில் நுழைந்து விண்டோஸ் டிரைவில் எதையும் எழுதக் கூடாது. விண்டோஸ் எழும்போது டிரைவ் தான் விட்டபடியே இருப்பதாக எண்ணிக் கொண்டு எழுதத் தொடங்கும். பைல்கள் சிதைந்துவிடும். சிஸ்டம் மாற வேண்டும் என்றால் முழுமையாக ஷட் டவுன் செய்த பிறகே மாறவும்.

எப்போது போதும் என்று விடலாம்?

தயாரித்த நிறுவனம் உங்கள் சிஸ்டத்திற்கான டிரைவரை வெளியிடவே இல்லை என்றால் ஸ்லீப்புடன் போராட வேண்டாம். மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி பவர் ஆப்ஷன்ஸில் மாற்றிவிடவும். அரை நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தால் போதும். வேலை பத்திரமாக இருக்கும். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் ஷட் டவுன்தான்.

மற்றொன்றும் நினைவில் இருக்கட்டும். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8லும், விஸ்டாவுக்கு 2017 ஏப்ரல் 11லும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14லும் நிறுத்திவிட்டது. எழுதவும், படிக்கவும், பாடல் கேட்கவும் இந்த லேப்டாப்கள் இன்னும் பயன்படும். வங்கிக் கணக்கு போன்றவற்றை இவற்றில் திறக்க வேண்டாம். டிரைவர் பைல்களைக் கூட வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, வைரஸ் சோதனை செய்து பென் டிரைவில் கொண்டு வருவது நல்லது.

இன்று இரவே உங்கள் லேப்டாப்பில் எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு, ஐந்து முறை மூடித் திறந்து பாருங்கள். எழுந்திருக்கத் தெரியாத லேப்டாப் என்பது வேலை எதுவும் திறந்திராத நேரத்தில் தெரிய வருவதே நல்லது.